ஃபோர்க்லிஃப்ட் தினசரி செக்லிஸ்ட் புத்தகம்: வாங்கலாம், ஃபோர்க் வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்

ஷிஃப்ட் தொடங்குமுன் ஆபரேட்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்து டிக் போடுவதற்கான கார்பன் காபி புத்தகம் இது. மேல் தாள் மெயின்டனன்ஸுக்குப் போகும், அடித்தாள் வண்டியிலேயே இருக்கும்.

வரிசையை யோசித்துப் போட்டிருக்கிறார்கள். சாவி போடுமுன் பார்ப்பவை மேலே, ஸ்டார்ட் செய்தபின் பார்ப்பவை கீழே. தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்பதுதான் முதல் வரி. வண்டியை நகர்த்திவிட்டால் அது எந்த வண்டியின் ஒழுகல், எந்தப் பக்கத்து ஒழுகல் என்று தெரியாது. ஹைட்ராலிக் ஆயில் அளவுக்குப் பக்கத்தில் 'மாஸ்ட் முழுவதும் இறங்கிய நிலையில்' என்று அச்சிட்டிருப்பதும் நல்லது. மாஸ்ட், அதாவது பாரத்தைத் தூக்கி இறக்கும் செங்குத்துச் சட்டம், தூக்கியிருக்கும்போது பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் இறக்கும்போது டேங்க் வழியும்.

வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் எண்ணுக்குத் தனிக் கட்டம் உண்டு. சின்ன விஷயம்தான், ஆனால் சீட்டில் ஏறிப் பார்க்காமல் அதைச் சரியாக நிரப்ப முடியாது. முந்தைய நாள் முழுக்க ஓடிய வண்டிக்கு அதே எண் மறுபடி வந்திருந்தால், அந்தத் தாள் மேஜையில் உட்கார்ந்து நிரப்பியது.

குறை ஃபோர்க்கில், அதாவது பாரத்தைத் தாங்கும் இரண்டு L வடிவக் கரங்களில். 'ஃபோர்க்: சரி / சரியில்லை' என்று ஒரே வரி. ஆபத்து அதிகமுள்ள பாகத்துக்கு இது போதவே போதாது. ஃபோர்க் தேய்வதும் விரிசல் விடுவதும் பெரும்பாலும் வளைவில், அதாவது குதிகாலில். தேயாத செங்குத்துப் பகுதியின் தடிமனோடு ஒப்பிட்டு, 10 சதவீதம் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். 40 மி.மீ. ஃபோர்க் 36-க்கு வந்துவிட்டால் பாரம் தாங்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விட்டது. இரு ஃபோர்க் நுனிகளின் உயர வித்தியாசம் நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1000 மி.மீ. ஃபோர்க்குக்கு அது 30 மி.மீ. இதில் குதிகால் விரிசல், நுனி உயரம், ஃபோர்க் நகராமல் பிடிக்கும் லாக் பின் மூன்றையும் தனித்தனி வரியாகக் கையால் எழுதிச் சேர்த்துவிடுங்கள். தடிமன் அளப்பதை மெயின்டனன்ஸ் அட்டவணையில் வைத்தால் போதும்.

பாரத்தைத் தூக்கும் மாஸ்ட் செயினுக்கும் அதே கதி. இரண்டு செயினும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா, செயின் பின் வெளியே தள்ளியிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸ் வரியில் ஒரு எச்சரிக்கையும் இல்லை, இதுதான் எனக்குக் கோபம். ஊசித்துளை ஒழுகலைக் கையால் தடவித் தேடினால் அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரி வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் ஒரே தாள் என்பதால் பாதி வரிகள் பொருந்தாது. பொருந்தாத வரிகளைத் தாண்டித் தாண்டிப் பழகியவர் ஒரே கோடாக டிக் இழுக்கத் தொடங்கிவிடுவார். வேண்டாத வரிகளை வண்டிவாரியாக முன்கூட்டியே கோடு போட்டு அடித்துக் கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்தது கடைசியில் இருக்கும் சிவப்பு 'ஓட்டாதே' அட்டைகளுக்காக. பிரேக், ஸ்டீயரிங், ஹார்ன், சீட் பெல்ட் எதில் குறை இருந்தாலும் அட்டையைக் கிழித்து ஸ்டீயரிங்கில் மாட்டி, சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடலாம். பழுது பார்த்தவர் கையெழுத்திட அட்டையிலேயே இடமும் விட்டிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு தாள்தான் என்பதால், மூன்று ஷிஃப்ட் ஓடும் இடங்கள் ஷிஃப்டுக்கு ஒரு தாள் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.