ஸ்க்ரூடிரைவரா, பிளக் ஒயரா?

ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏற்றத்தில் எங்கள் பழைய பெட்ரோல் வேனின் இன்ஜின் தட்டத் தொடங்கியபோது, மதுரையில் இரு மெக்கானிக்குகள் இரு வழிகளைக் காட்டினர். ஒருவர் நீண்ட ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். மேலே மெல்லிய ‘டிக் டிக்’ என்றால் வால்வைத் தள்ளும் டேப்பட்டில் இடைவெளி கூடியிருக்கிறது, கீழே ஆயில் சட்டியருகே கனத்த அடி என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். செலவில்லை, ஆனால் இரும்பினூடே ஒலி பரவுவதால் எந்தச் சிலிண்டர் என்பதில் காது ஏமாறும். மற்றவர் சிலிண்டர்களுக்குத் தீப்பொறி தரும் பிளக்குகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்தில் (இன்ஜினின் இரும்பு உடலில்) சேர்த்து ஓட்டிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியதும் தட்டல் அமுங்கியது. அந்தச் சிலிண்டரில் எரிதலின் அழுத்தம் நின்று, பிஸ்டனைக் கிராங்க் ஷாப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் தேய்ந்த பேரிங் மீதிருந்த சுமை குறைந்ததே காரணம். இன்ஜினைப் பிரிக்கும் முன் இந்தச் சோதனையையே நான் நம்புவேன். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் மட்டும் நீண்ட நேரம் செய்யக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.