வெட்டிவேரை வெட்டாமல் எட்டு வருடம்

குஞ்சப்பனைப் பக்கம், கோத்தகிரி மலையின் கீழ்ச்சரிவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். வாழையும் இஞ்சியும். இஞ்சிக்காகக் கிளறிய மண் ஐப்பசி மழைக்கு நிற்காது. செங்குழம்பாகக் கீழ் ஓடைக்கு ஓடிவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மாண்டதிலிருந்து, ராத்திரி மழை வலுத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மண்ணைப் பிடிக்க 2017 ஆடியில் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வெட்டிவேர்ப் புல் நட்டேன்.

முதல் வருடம் தோற்றேன். தப்பு என்னுடையதுதான். நாற்றுக் காசை மிச்சம் பிடிக்க அடிக்கு ஒன்றாக நட்டேன். தண்ணீர் இடைவெளிகளில் புகுந்து முன்பைவிட ஆழமாக அறுத்தது. மறுவருடம் ஒரு சாண் கூட விடாமல், அரைச் சாணுக்கு ஒரு தூர், தூருக்கு மூன்று நாற்று என்று நெருக்கி நட்டேன். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்துச் சமமட்டக் கோடு போட்டுக்கொண்டேன். கண்ணால் பார்த்துக் கோடு போடாதீர்கள். சரிவில் கண் ஏமாற்றும்.

இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் தூர்கள் ஒன்றோடொன்று முட்டி வேலியாகிவிட்டன. இந்தப் புல் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்து, வரிசை நெடுகப் பரப்பி, வடிகட்டி அனுப்புகிறது. மண் மேல்பக்கமே தங்கிவிடும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்குவதால் (நல்ல மண்ணில் மூன்று மீட்டர்கூடப் போகும்) பக்கத்து வாழையின் சத்தை அவ்வளவாகப் பிடுங்குவதில்லை. நம் பக்கத்து ரகம் விதையால் பரவாது. களையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

நிழல் மட்டும் ஆகாது. பலாமரத்தடியில் இருந்த பத்தடி வரிசை மூன்றே வருடத்தில் நலிந்து போனது. அங்கே இப்போது கல் அடுக்கியிருக்கிறேன். இளம் தளிரை ஆடு மேயும், முதல் வருடம் காவல் தேவை. வருடத்துக்கு இரண்டு முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்து, தழையை வாழையடியில் மூடாக்காகப் போடுகிறேன்.

பாதைக்காகச் செங்குத்தாக வெட்டிய மேட்டிலும் நட்டிருந்தேன். 2019 மழையில் மேடு புல்லோடு சேர்ந்தே சரிந்தது. மேல்மண் அரிப்புக்கு வெட்டிவேரை நம்பலாம். உள்ளே நீர் ஊறி ஆழத்திலிருந்து பெயரும் மண்ணை அது மட்டும் பிடிக்காது. அங்கே முதலில் வடிகால் வெட்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருமே கேட்பது, "வேருக்கு நல்ல விலையாமே, தோண்டி விற்கலாமே?" கடலூர்ப் பக்கம் மணலில் அதற்காகவே பயிர் செய்கிறார்கள், அது வேறு நிலம். இங்கே வேரைத் தோண்டினால் மண்ணையே தோண்டிக் கொடுத்த மாதிரி. பானைத் தண்ணீரில் போட அம்மா கேட்டபோதுகூடக் கடையில்தான் வாங்கி வந்தேன்.

போன சித்திரையில் அளந்து பார்த்தேன். நடு வரிசைக்கு மேல்பக்கம் மண் முழங்கால் அளவு ஏறி, தானாகவே ஒரு படி கட்டியிருக்கிறது. அந்தப் படியில் இந்த வருடம் கிளறவில்லை, மிளகு வைத்திருக்கிறேன்.