கான்ட்ரா: பழைய டிவியிலா, போனிலா?

1988-இல் நிண்டெண்டோவுக்கு வந்த கான்ட்ரா என்ற சுடும் வீடியோ கேமை இன்று விளையாட இரண்டு வழி: சென்னை ரிச்சி தெருவில் தேடிப்பிடித்த டிவி கேமையும் கேசட்டையும் பழைய குண்டு டிவியில் மாட்டுவது, இல்லையென்றால் போனில் பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர் ஆப். என் ஓட்டு டிவிக்குத்தான். ஒரே ஒரு குண்டு பட்டாலே உயிர் போகிற ஆட்டம் இது, பட்டனை அழுத்திய அதே நொடி ஆள் குதிக்க வேண்டும், பழைய டிவியில் அது நடக்கும். போனிலோ விரல் எந்தப் பட்டனில் இருக்கிறது என்றே தெரியாது, படுத்துச் சுட வேண்டியவன் குதித்துவிடுவான், கட்டைவிரல் வேறு திரையை மறைக்கும்.

அப்புறம் இரண்டு பேர் ஆட்டம். மூன்றாவது கட்டத்து அருவியில் ஒருவர் அவசரமாக ஏறினால் திரையும் மேலே போய், கீழே நிற்கிறவர் செத்துவிடுவார். "டேய், நில்லுடா!" என்று கத்தப் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

போனில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், மின்சார ரயிலில் தாம்பரம் வருவதற்குள் ஒரு கட்டத்தை முடிக்கலாம், அது பெரிய வசதிதான். 30 உயிர் தரும், மேல்-மேல்-கீழ்-கீழ் என்று தொடங்கும் பட்டன் வித்தையை அதிலும் போடலாம். சரி, போன்தான் என்றால் ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலராவது வாங்கிவிடுங்கள்.