நிக்கல்-செம்பு பிரேக் குழாயுடன் மூன்று குளிர்காலம்

கனடாவின் ஒன்ராறியோவில் இருபது வயதான பிக்கப் வண்டி ஒன்றை அண்மையில் வாங்கிய நண்பர், என் வண்டியில் துருப்பிடித்த எஃகு பிரேக் குழாய்களுக்குப் பதிலாக நான் போட்ட நிக்கல்-செம்புக் குழாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பில் மூன்று குளிர்காலம் ஓடிய பிறகும் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. என் கோபம் முழுவதும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் மீதுதான்.

பழைய குழாய் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வெடித்தது. முன்சக்கரங்களுக்குத் தனி பிரேக் சுற்று இருந்ததால் மிதி ஆழமாக இறங்கியும் வண்டி நின்றது. அடியில் படுத்துப் பார்த்தபோது, எரிபொருள் தொட்டிக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே, சரியாகக் கிளிப்புக்கு உள்ளே குழாய் அற்றிருந்தது; அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி மேற்பூச்சுகூடக் கெடவில்லை. குழாயைக் காப்பதற்காக வைத்த கிளிப்பே உப்புச் சேற்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டு முழுதும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. உப்புத் தூவும் மாநிலங்களில் 2007ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையவையும் வைத்திருப்போர் பிரேக் குழாய்களைச் சோதிக்க வேண்டும், அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் அறிவுறுத்தியது. கழுவலாம்தான், ஆனால் அந்தக் கிளிப்பின் உட்புறத்துக்கு எந்தத் தண்ணீர் போய்ச் சேரும்?

ஏறத்தாழ பத்து சதவீதம் நிக்கல் கலந்த இந்தக் குழாயை, 3/16 அங்குல விட்டத்தில், 25 அடிச் சுருளாக வாங்கினேன். கையாலேயே வளைகிறது, இணைப்பில் பொருந்துவதற்காக வாயை இரட்டை மடிப்பாக விரிக்கும்போது வெடிப்பதில்லை. நட்டைக் கோக்க மறந்துவிட்டு வாயை அழகாக விரித்து, விரித்த வாயில் நட்டு நுழையாததால் அதை வெட்டி எறிந்தது மூன்று முறை. அது குழாயின் குற்றமன்று. துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அழுத்து இணைப்பைப் போட்டு ஒட்டலாம் என்று எவரேனும் சொன்னால் கேட்க வேண்டாம், பிரேக்கின் அழுத்தத்தை அது தாங்காது. குழாயில் புகுந்த காற்றை எடுக்கும்போது, வலப் பின்சக்கரத்தில் அதை வெளியேற்றும் பிளீடர் திருகு முறிந்ததால், சக்கர சிலிண்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சென்ற மாதம் மறுபடியும் அடியில் படுத்தேன். குழாய் சற்று மங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் அதன் இரு முனைகளிலும் உள்ள எஃகு நட்டுகளில் துரு ஏறத் தொடங்கிவிட்டது. புதிதாகப் போட்ட கிளிப்புக்குள் பழையபடியே சேறு. அதைத் திருப்புளியால் கிளறும்போது, பக்கத்தில் சட்டத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் துருப் பொருக்கு ஒன்று பெயர்ந்து என் கண்ணாடி மேல் விழுந்தது.

ஆகவே நண்பருக்கு என் பரிந்துரை: குழாய் நூற்றுக்கு நூறு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்; ஆனால் சுருளுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக வந்தால் வண்டியை விற்றுவிடுங்கள். நான் என் வண்டியை வசந்தத்தில் விற்கப் போகிறேன்.