இளநிலை வேதியியல் சேரப் போகிறீர்களா? கருவிப் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள்

நான் இளநிலை வேதியியல் படித்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், சேர்க்கைப் படிவத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

அவர்களின் கையேட்டில் இரண்டு பக்கத்துக்குக் கருவிப் பட்டியல் இருந்தது. 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கருவி), ஜிசி-எம்எஸ், எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து ஆராயும் கருவிகள்) என்று நீண்டது. மருந்து வேதியியலில் சிறப்புப் பாடங்கள், இறுதியாண்டில் ஆராய்ச்சி ப்ராஜெக்ட் என்றும் போட்டிருந்தார்கள். வேதியியலில் ஆசை உள்ள யாரும் மயங்கத்தான் செய்வார்கள்.

இரண்டாம் ஆண்டில் என்எம்ஆர் செய்முறை வந்தது. கருவி இருக்கும் அறைக்குக் கூட்டிப் போகவில்லை. ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். எத்தில் அசிடேட் என்ற கரைப்பானின் நிறமாலை, அதாவது என்எம்ஆர் கருவி வரைந்து தரும் கோட்டுப் படம். கிடை அளவுகோலில் 4.1-இல் நான்கு பிரிவாக ஒன்று, 2.0-இல் ஒற்றைக் கோடு, 1.26-இல் மூன்று பிரிவாக ஒன்று. எது எந்த ஹைட்ரஜன் என்று எழுத வேண்டும். நகலுக்கு நகல் எடுத்து அந்த நான்கு பிரிவும் ஒரே மைத் தீற்றலாகி விட்டிருந்தது. என்றோ ஒரு சீனியர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய விடையும் சேர்ந்தே அச்சாகியிருந்ததால் யாரும் சிரமப்படவில்லை.

கருவி இருந்தது, பொய்யில்லை. ஆனால் என்எம்ஆர் காந்தம் மீக்கடத்தும் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும்) கம்பிச்சுருள், 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தில் மூழ்கியபடியே இருக்க வேண்டும். ஹீலியம் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும், வேளை தவறாமல் நிரப்ப வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இங்கே நிரப்பாமல் விட்டதில் காந்தம் செத்துப் போய், பெரிய எஃகு உருளையாக அறையில் நின்றது. கையேட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐஆர் (அகச்சிவப்புக் கதிரால் மூலக்கூறை ஆராயும் கருவி) வேலை செய்தது, ஆனால் தொடுவதற்கு டெக்னீஷியனுக்கு மட்டுமே அனுமதி. மாதிரியை ஜன்னல் வழியே நீட்டினால் அச்சுத்தாள் வரும்.

இதன் வலி முதுநிலை நேர்காணலில்தான் தெரிந்தது. "5 மில்லிமீட்டர் என்எம்ஆர் குழாயில் கரைப்பான் எவ்வளவு ஊற்றுவீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். அரை மில்லிக்குச் சற்று மேல், அவ்வளவே. ஒரு முறை கையால் செய்தவர் யோசிக்காமல் சொல்லும் விஷயம். நான் ஷிம்மிங் (கருவியின் காந்தப்புலத்தைச் சீராக்குவது) பற்றிப் புத்தகத்தில் படித்ததை ஒப்பித்துவிட்டு வெளியே வந்தேன்.

மருந்து வேதியியல் பாடங்கள்? "போதிய மாணவர்கள் சேர்ந்தால் நடத்தப்படும்" என்று பொடி எழுத்தில் இருந்ததாம். நான் படித்த காலம் முழுக்க அது நடக்கவேயில்லை.

அங்கீகார முத்திரை விஷயத்திலும் ஒரு தந்திரம் உண்டு. பேராசிரியர்கள் தனிப்பட்ட உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் பெயரைக் கையேட்டில் பெரிதாகப் போட்டுவிட்டால், படிப்புக்கே அங்கீகாரம் இருப்பதுபோல் தோன்றும். அமெரிக்க வேதியியல் சங்கமோ பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியோ அங்கீகரிப்பது குறிப்பிட்ட படிப்புகளை. அந்தப் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று அவர்களின் தளத்திலேயே பாருங்கள். அமெரிக்கச் சங்கத்தின் 2015 வழிகாட்டி, அறிமுகப் பாடங்கள் போக 400 மணி நேர ஆய்வக வேலை கேட்டது. எங்கள் கால அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில்கூட வராது. வந்த மணிகளிலும் பெரும்பகுதி பியூரெட்டும் பிப்பெட்டும்தான். டைட்ரேஷனைக் குறை சொல்லவில்லை. மூன்று வருடமும் அதுவே என்றால் எப்படி?

பார்வையிடப் போகும் நாளில் கருவியைக் காட்டச் சொல்லாதீர்கள், லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். யார், எந்தத் தேதியில், எதை ஓட்டினார்கள் என்று அதில் இருக்கும். இளநிலை மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் விஷயம் புரிந்துவிடும். "இப்போது எடுக்க முடியாது" என்றால் அதுவும் ஒரு பதில்தான். ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியே இழுத்துத் தள்ளும் பெட்டி) பக்கம் போய், கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் தூக்கி, ஒரு டிஷ்யூ தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் இழுபட வேண்டும். எங்கள் ஹூட்களில் பாதி, காலி பாட்டில் அடுக்கும் அலமாரியாகத்தான் இருந்தன. எளிதில் ஆவியாகும் நச்சுக் கரைப்பானான டைகுளோரோமீத்தேனைத் திறந்த மேசையில்தான் ஊற்றினோம்.

அப்புறம், "கணிதம் அதிகம் இல்லை" என்று யாராவது ஆசை காட்டினால் உஷார். பௌதிக வேதியியலில் வெப்ப இயக்கவியலும் குவாண்டமும் வகை நுண்கணிதம் இல்லாமல் நகராது. அதை வெட்டிய படிப்பில் சேர்ந்தால், பல முதுநிலைப் படிப்புகளில் விண்ணப்பிக்கும்போதே தடுக்கி விழுவீர்கள்.

ப்ராஜெக்ட் எல்லோருக்குமா, முதல் சில மதிப்பெண்காரர்களுக்கு மட்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். எங்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை. சான்றிதழில் அதன் பெயரும் ஆராய்ச்சி ப்ராஜெக்ட்தான்.