குடியை நிறுத்த எந்த மாத்திரை? அதற்கும் முன்னால் முதல் ஐந்து நாள்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர் குலசை தசராவுக்கோ சபரிமலைக்கோ மாலை போட்ட அன்றே குடியைச் சட்டென்று நிறுத்தினால், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், பெற்ற பிள்ளையைத் தெரியாது. சாமி குத்தம் என்று விபூதி பூசிக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. 108-ஐக் கூப்பிடுங்கள், உயிர் போகக்கூடிய நிலை.

ஏற்கெனவே வலிப்பு வந்தவர், மஞ்சள்காமாலை உள்ளவர், வீட்டில் பார்க்க ஆளில்லாதவர் எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. லேசான நடுக்கம் என்றால் வெளிநோயாளியாகவே, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசிபாக்சைடு மாத்திரை தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் அதற்குப் பதில் லோரசிபாம். "தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க சார்" என்று நாமே கேட்பதுதான் வம்பு. உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போனவருக்கு அந்த ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, நினைவே தப்பிவிடலாம்.

அதன் பிறகுதான் மாத்திரை. நம் பக்கம் அதிகம் கேள்விப்படுவது டைசல்ஃபிராம், வழக்கமாக தினம் 250 மி.கி. இது ஆசையைக் குறைக்காது, பயத்தை மட்டும் தரும். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். பீடி சுற்ற உட்காருமுன் மனைவி தண்ணீரில் கரைத்துக் கண்ணெதிரே குடிக்கவைத்தால் பலன் உண்டு. குடிப்பவர் கையிலேயே விட்டால் அட்டையில் அப்படியே இருக்கும். தெரியாமல் குழம்பில் கலப்பது கொலைக்குச் சமம். விஷயம் தெரியாதவர் அன்று மாலையே டாஸ்மாக்கில் நிற்பார். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் தொடங்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை காட்டும். அரிஷ்டம், சில இருமல் டானிக்குகளிலும் ஆல்கஹால் உண்டு, அவையும் இந்த மாத்திரையோடு ஆகாது. இதய நோய், ஈரல் கோளாறு இருந்தால் டைசல்ஃபிராம் வேண்டாம்.

நால்ட்ரெக்சோன் 50 மி.கி., தினம் ஒன்று. குடியை முழுதாக விடாதவருக்கும் தொடங்கலாம். போதையின் ருசியை மட்டுப்படுத்தும். 'ஒரு கட்டிங்' என்று ஆரம்பித்து முழுப் பாட்டிலில் முடிப்பவருக்கு முதலில் இதைத்தான் யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஈரல் பரிசோதனை முன்னதாக வேண்டும். டிராமடால் மாதிரி வலி மாத்திரை எடுப்பவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு முறுக்கியெடுக்கும்.

அகாம்ப்ரோசேட் ஈரல் கெட்டவருக்கும் கொடுக்கலாம். ஆனால் கிட்னி சரியாக இருக்க வேண்டும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் எழுதுவார்கள். குடியை நிறுத்திவிட்டு, தூக்கமும் நிம்மதியும் இல்லாமல் தவிப்பவருக்கு ஏற்றது. 333 மி.கி. மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. சுமை தூக்கப் போகிறவர் மதிய வேளையை மறப்பார், அங்கேதான் கோட்டை விடுவது.

குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குக் கட்டணமில்லை, எந்த மாத்திரையோடும் போகலாம்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டால்? டைசல்ஃபிராம் எடுப்பவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற இரண்டையும் நிறுத்தாமல் தொடர்ந்துகொண்டே டாக்டரைப் பார்க்கலாம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416.