இன்னொருவர் கைக்கு அளவெடுத்த வில்: பழைய காம்பவுண்டு வில்லோடு ஒன்றரை வருடம்

2023-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் நாட்டு வீராங்கனை அதிதி சுவாமி 17 வயதில் காம்பவுண்டு வில்லில் தங்கம் வாங்கினார். அதை மொபைலில் பார்த்த இரவில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. அப்போது எனக்கு வயது 36. புது வில்லை விசாரித்தேன். சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (வில் ஆடாமலிருக்க மாட்டும் தண்டு), அம்பு எல்லாம் சேர்த்தால் லட்சத்தைச் சுலபமாகத் தாண்டியது. சரி, பழசு போதும் என்று சென்னையில் இந்தப் பழக்கத்தையே விட்டுவிட்ட ஒருவரிடம் 42,000 ரூபாய்க்கு வாங்கிக் காட்பாடிக்குக் கொண்டுவந்தேன். பையைத் திறந்ததும் அம்மா கேட்டார்: "இன்னாடா இது, டிஷ் ஆன்டெனாவப் புடுங்கினு வந்துட்டியா?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. இரண்டு முனையிலும் முட்டை வடிவச் சக்கரம், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கேபிள். அந்தச் சக்கரத்தைக் கேம் என்பார்கள். மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1966-இல் விண்ணப்பித்து, 1969-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இழுக்கத் தொடங்கும்போது முழு பாரமும் கையில் ஏறும். முக்கால்வாசி இழுத்ததும் கேம் உருண்டு பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். என் வில் இப்போது 48 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 22 கிலோ. முழுதாக இழுத்து நிறுத்தும்போது கையில் நிற்பது 12 பவுண்டுதான். செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லும் குறுவாளுமாக நிற்கும் வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியதை வாங்கி வந்த பிறகுதான் செய்தேன். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் வளையும் கைகளான மேல் லிம்ப், கீழ் லிம்ப் இரண்டின் ஓரத்திலும் மெதுவாக ஓட்ட வேண்டும். எங்காவது நூல் சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். எனக்குச் சிக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். ஆனால் கேமில் நாண் ஏறும் இடத்தில் சுற்றுநூல் பிரிந்து உள்ளே இழை தெரிந்தது. டேப் வைத்து மேல் அச்சிலிருந்து கீழ் அச்சு வரை அளந்தால் கம்பெனி சொன்ன அளவைவிடக் கால் அங்குலம் கூடுதல். நாணும் கேபிளும் இழுபட்டுப் போயிருக்கின்றன. விற்றவர் "நாண் புதுசு மாதிரிதான்" என்று சொல்லியிருந்தார். அந்த "மாதிரி"யை நான் கவனித்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் டிரா லெங்த், அதாவது நாணை எவ்வளவு நீளம் இழுத்து நிறுத்துகிறோம் என்ற அளவு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் உத்தேச அளவு வரும். எனக்கு 67 அங்குலம், ஆகவே 27-க்குச் சற்றுக் குறைவு. வில்லோ 29-இல் இருந்தது. விற்றவர் ஆறடி. இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று ஒரு மாதம் அப்படியே எய்தேன். ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கொக்கி) பிடித்த கை காதுக்குப் பின்னால் போனது, முதுகு பின்னால் சாய்ந்தது, இடது முழங்கை பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாலாவது அம்புக்கும் நாண் முன்கையில் அறைந்தது. ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் இருக்கும் நண்பன் வெட்டுத்துண்டில் ஒரு கைக்காப்பு தைத்துக் கொடுத்தான். அருமையான தோல், இன்னும் உழைக்கிறது. ஆனால் அது வலியைத்தான் மறைத்தது.

என் வில்லில் கேம் மேல் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. இரண்டு திருகைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பி, வேண்டிய இழுவை அளவைக் குறிக்கும் எழுத்துக்கு நேராக வைத்து முடுக்கினால் போதும். மேல் கேமும் கீழ் கேமும் ஒரே எழுத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. பத்து நிமிட வேலை. 27-க்கு மாற்றிய அன்றே நாண் மூக்கு நுனியைத் தொட்டு நின்றது, கை அறைவதும் நின்றது. எல்லா வில்லிலும் இந்த வசதி இல்லை. சிலவற்றில் அளவுக்கு அளவு வேறு தகடு வாங்க வேண்டும், சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும். பழைய வில் வாங்குகிறவர் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பாரத்தைக் குறைப்பது சுலபம். லிம்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் ஆலன் கீயால் ஒரே அளவு தளர்த்த வேண்டும். பூட்டுத் திருகு இருந்தால் முதலில் அதை. எத்தனை சுற்று வரை போகலாம் என்று கம்பெனி எல்லை சொல்லியிருக்கும், அதைத் தாண்டினால் லிம்ப் கழன்று முகத்துக்கு வரும். நான் நான்கு சுற்று தளர்த்தினேன். பெட்டி தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, அதில் நாணைக் கோத்து, கைப்பிடியைக் கீழே இழுத்துப் பார்த்தேன். 58-இலிருந்து 48-க்கு வந்திருந்தது.

நாணை மாற்றப் பிரஸ், அதாவது லிம்புகளை அமுக்கிப் பிடிக்கும் கருவி, வேண்டும். அது இல்லாமல் வீட்டில் கை வைக்கவே கூடாது. நான் விசாரித்தவரை வேலூரில் யாரிடமும் கிடைக்கவில்லை. வெளியூர்க் கடை ஒன்றில் நாண், கேபிள் எல்லாம் சேர்த்து 11,000 ஆனது. மாட்டிக் கொடுத்தவர் அவசரத்தில் இருந்தார் போல. வீட்டுக்கு வந்து இழுத்தால் கடைசியில் ஒரு பஞ்சு மெத்தையை இழுப்பது போல மெத்தென்று இருந்தது, சுவரில் முட்டியது போல நிற்கவில்லை. தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி ஸ்லோமோஷனில் படமெடுக்கச் சொன்னேன். மேல் கேம் போய் நின்ற பிறகும் கீழ் கேம் இன்னும் கொஞ்சம் உருண்டது. டைமிங் தப்பு. மறுபடி பஸ், மறுபடி ஒரு நாள் லீவு. ஒரு கேபிளில் இரண்டு அரை முறுக்கு, அவ்வளவுதான் வேலை. காசு வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

இலவசமாக வந்த ஆறு அம்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 340 ஸ்பைன் (அம்பின் விறைப்பு எண், எண் குறைந்தால் விறைப்பு கூடும்), 29 அங்குலத்துக்கு மேல் நீளம். 48 பவுண்டுக்கும் என் கை நீளத்துக்கும் அது இரும்புக் கம்பி மாதிரி விறைப்பு. 500 ஸ்பைனில் புது அம்பு வாங்கினேன். ரொம்ப லேசான அம்பும் ஆபத்து. வில்லின் பாரத்தில் ஒரு பவுண்டுக்கு அம்பின் எடை 5 கிரெயினாவது (ஒரு கிராம் என்பது 15 கிரெயினுக்குச் சற்று மேல்) இல்லாவிட்டால் அம்பே இல்லாமல் நாணை விட்ட மாதிரி அதிர்ச்சி லிம்புக்குப் போகும். எனக்கு 240 கிரெயின் கீழ் எல்லை. எடை பார்க்க நகைப்பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணனிடம் போனேன். தராசில் வைத்துவிட்டு, "இருபத்திமூணு கிராம் சொச்சம். மூணு சவரனுக்குக் கொஞ்சம் கொறவு" என்றார். கணக்குப் போட்டால் 360 கிரெயின், தாராளம்.

அப்புறம் பேப்பர் டியூனிங், அதாவது அம்பு நேராகப் போகிறதா என்று காகிதக் கிழிசலை வைத்துப் பார்ப்பது. அட்டைப்பெட்டியின் அடியை வெட்டிவிட்டு நியூஸ்பேப்பரை ஒட்டி, ஆறடி தள்ளி நின்று அதன் வழியாக எய்ய வேண்டும். நேராகப் போனால் ஒரு துளையும் இறகுகளின் கீறலும் மட்டும். எனக்கு அம்பின் வால் ஒரு அங்குலம் மேலே கிழித்தது. அம்பு உட்காரும் ரெஸ்ட்டைக் கொஞ்சம் உயர்த்தியதும் அது சரியானது. ஆனால் பக்கவாட்டுக் கிழிசல் ஒரு நாள் இடம், மறுநாள் வலம். மூன்று வாரம் ரெஸ்ட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். கடைசியில் பார்த்தால், கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பது போல வில்லை இறுக்கிப் பிடித்து, விடும் நேரத்தில் முறுக்கிக்கொண்டிருக்கிறேன். வில்லைக் கட்டைவிரல் மேட்டில் மட்டும் தாங்கி, விரல்களைத் தொங்கவிட்டு, விழாமலிருக்க ஒரு ஷூ லேஸை விரல்களில் கட்டிக்கொண்டேன். கிழிசல் அரை அங்குலத்துக்குள் வந்தது. ரெஸ்ட்டைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

சைட்டில் ஒரு கூத்து. அம்பு இடது பக்கம் விழுந்தால் சைட்டில் குறிவைக்கும் புள்ளியான பின்னையும் இடது பக்கம் நகர்த்த வேண்டும், அம்பைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். நான் இரண்டு சாயங்காலம் எதிர்ப்பக்கம் திருகிவிட்டு வில்லைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எய்வது அணைக்கட்டுப் பக்கம் நண்பனுடைய பெரியப்பா நிலத்தில். இலக்குக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மண்கரை, அதற்கு அந்தப் பக்கம் பாதை கிடையாது. முதல் நாள் பெரியப்பா வந்து, "இன்னா நைனா, கொக்கு கிக்கு அடிக்கிறியா?" என்றார். "இல்ல பெரியப்பா, அட்டைக்குத்தான்" என்றேன். நம்பவில்லை. இப்போது அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கை சொல்கிறார்.

ஒரே ஒரு அடி பட்டது. ரிலீஸை மாட்ட நாணில் கட்டும் டி-லூப் கயிற்றை நானே கட்டினேன், முனையைச் சரியாக உருக்கிக் குமிழாக்கவில்லை. பாதி இழுவையில் முடிச்சு உருவிக்கொண்டது, என் கை என் தாடையிலேயே குத்தியது. அம்பு ஏதோ ஒரு பக்கம் போய் வரப்பில் செருகியது. மூன்று நாள் இட்லியைத் தவிர எதுவும் மெல்ல முடியவில்லை.

இன்னொரு எதிரி நம் ஊர் வெயில். மே மாதம் ஒரு மதியம் காருக்குள் வில்லை வைத்துவிட்டு ஆம்பூரில் பிரியாணி சாப்பிடப் போனேன். அதற்கப்புறம் நாணில் இருக்கும் பார்வைத் துளையான பீப் திரும்பிக்கொண்டது, 30 மீட்டரில் அம்பெல்லாம் ஒரு சாண் கீழே. அன்றிலிருந்து நாண் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி, கேம் மேல் ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறேன். அவை நகர்ந்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெழுகு தடவுகிறேன்.

மொத்தச் செலவு இதுவரை 71,000. புதுசுக்கு ஆகும் காசில் பெரும்பகுதி போய்விட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் புது வில் வாங்கியிருந்தால் கடைக்காரர் எல்லாம் செட் செய்து கொடுத்திருப்பார், எனக்குக் கேமும் தெரிந்திருக்காது, என் பிடியும் தெரிந்திருக்காது. 30 மீட்டரில் ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. போட்டித் தூரமான 50 மீட்டரில் 8 சென்டிமீட்டர்தான் பத்துப் புள்ளி வட்டம். அங்கே ஆறில் ஒன்று விழுந்தால் பெரியப்பாவுக்கு டீ வாங்கித் தருகிறேன்.

நேற்றுப் பார்த்தேன், நாண் புள்ளி லேசாக நகர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.